வெர்ல் ஹாஸ்கெட்டைப் பிடிக்க யாரும் வரவில்லை

வெர்ல் ஹாஸ்கெட்டின் கல்லறைக் கல்லில் "உண்மை பேசியவர்" என்று செதுக்கியிருக்கிறார்கள். செதுக்கச் சொன்னது என் அக்கா ஓலீன். அவள் புருஷன், அவள் கல், எனக்கு ஆட்சேபணை இல்லை. உண்மை பேசினார்தான். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். ஆனால் அந்த உண்மை அவருக்குள் எந்த இடத்திலிருந்து கிளம்பி வந்தது என்பதும் எனக்குத் தெரியும். அதைக் கல்லில் செதுக்க முடியாது என்பதால் இங்கே சொல்கிறேன்.

பிட்டர் வெல்ஸ் பள்ளத்தாக்கில் இருக்கும் ஒரே பெட்ரோல் பம்ப் என்னுடையது. பம்புக்குப் பின்னால் ஒரு காபிக் கவுண்டர். நெவாடாவின் இந்தப் பக்கத்தில் எவனுக்கு எவன் மேல் வயிற்றெரிச்சல் என்பதெல்லாம் முதலில் அங்கேதான் வந்து இறங்கும். வெர்லுக்கு வாழ்நாள் முழுக்க ஒரே ஆள் மேல்தான் வயிறு எரிந்தது. அந்த ஆள் ராய்ஸ் கேலவே. பள்ளத்தாக்கின் கிழக்குச் சரிவில் வெர்லின் பண்ணை, மேற்கே சமதரையில் ராய்ஸின் பண்ணை. காலையில் எழுந்து வாசலுக்கு வந்தால் ஒருவர் வீட்டுப் புகை இன்னொருவருக்குத் தெரியும். வெர்ல் அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டுதான் பல் தேய்ப்பார்.

ராய்ஸும் நானும் ஒரே வகுப்பு. அவனைப் பற்றி எனக்கு மரியாதையாகப் பேச வராது. கெட்டவன் இல்லை. நல்ல உயரம், நல்ல குரல், எங்கே நின்றாலும் நாலு பேர் அவனைச் சுற்றி நிற்பார்கள். வெர்ல் குள்ளம். நாலு பேர் நிற்கும் இடத்தில் அவர் ஐந்தாவதாகப் போய் நிற்பார்.

எல்லாம் ஒரு கட்டைவிரலில் ஆரம்பித்தது. வசந்த காலத்தில் கன்றுகளுக்குச் சூடு போடும் நாளில் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லோரும் போய் உதவுவார்கள். சண்டை போட்டுப் பேச்சு வார்த்தை இல்லாதவன் கூட வருவான். வராமல் இருந்தால்தான் அசிங்கம். குதிரை மேல் உட்கார்ந்து கயிறு வீசிக் கன்றைப் பிடிப்பது கௌரவமான வேலை. கீழே நின்று கன்றை அமுக்குவது, சூட்டுக்கோல் பிடிப்பது, தடுப்பூசி போடுவது எல்லாம் மற்றவர்களுக்கு. யார் கயிறு வீசுவது என்று அந்த வீட்டுக்காரன்தான் சொல்ல வேண்டும். தானாகப் போய்க் கயிற்றை எடுத்தால் அவனை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டார்கள்.

வெர்ல் அருமையாகக் கயிறு வீசுவார். முப்பது வயதில், ராய்ஸ் வீட்டுச் சூடு போடும் நாளில், கயிற்றைச் சேணத்தின் கொம்பில் சுற்றும்போது வலது கட்டைவிரல் நடுவில் மாட்டிக்கொண்டது. கன்று ஒரு இழு இழுத்தது, விரல் போய்விட்டது. இங்கே கட்டைவிரல் இல்லாத ஆண்கள் நிறையப் பேர் உண்டு. அடுத்த வருஷமே மறுபடி வீசுவார்கள். வெர்லும் வீசினார், மற்ற எல்லார் வீட்டிலும். ராய்ஸ் வீட்டில் மட்டும், அந்த வருஷத்திலிருந்து, ராய்ஸ் கயிறுகளைப் பங்கு வைத்துவிட்டு வெர்லிடம் வந்து தோளில் தட்டி, "உனக்கு ஊசிடா, வெர்ல். பத்திரமா இரு," என்பான்.

அக்கறையில்தான் சொன்னான் என்று நினைக்கிறேன். ஆனால் இருபத்தைந்து வருஷம் ஒரு மனிதன் கையில் ஊசியைக் கொடுத்தால் அது அக்கறையாகத் தெரியாது.

அடுத்தது பூட்டு. எங்கள் பக்கம் வீட்டைச் சுற்றியிருக்கும் புல்வெளி மட்டும்தான் நமக்குச் சொந்தம். அதைத் தாண்டி மலை, சரிவு, உப்புத்தரை எல்லாம் ஃபெடரல் அரசாங்கத்துடையது. கட்டணம் கட்டி, பர்மிட் வாங்கி, அவர்கள் குறித்த தேதியில் மாட்டை மலைக்கு ஏற்றி, குறித்த தேதியில் இறக்க வேண்டும். அதைத் திட்டாமல் என் கவுண்டரில் ஒரு காபி கூட உள்ளே போனதில்லை. ஒரு வருஷம் நில அலுவலகத்துக்காரர்கள் வில்லோ ஊற்றுக்குப் போகும் பாதையில் கேட் போட்டுப் பூட்டிவிட்டார்கள். ஏதோ ஒரு சின்ன மீனுக்கு ஆபத்தாம். வெர்லின் தாத்தா தோண்டிய ஊற்று அது. வெர்ல் கவுண்டரில் எல்லோரையும் கூப்பிட்டுப் பார்த்தார். "நாளைக்குப் போய்ப் பூட்டை வெட்டப் போறேன். யாரு வர்றீங்க?" என்றார். எல்லோரும் காபியைக் கலக்கினார்கள். ராய்ஸ் சொன்னான், "சும்மா இருடா. கட்ட வேண்டியதைக் கட்டிட்டு வாயை மூடிட்டு இருந்தா அவனுங்க நம்ம பக்கமே வர மாட்டானுங்க."

வெர்ல் தனியாகப் போய் வெட்டினார். ஷெரிஃபின் ஆட்கள் வந்து நெடுஞ்சாலை ஓரத்தில் அவர் கையைப் பின்னால் கட்டி விலங்கு மாட்டினார்கள். அப்போது ராய்ஸின் பிக்கப் அந்த வழியாக வந்தது. இங்கே எதிரே வருகிறவருக்கு ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்குவது வழக்கம். தெரிந்தவன், தெரியாதவன், எல்லோருக்கும் அதே இரண்டு விரல். ராய்ஸ் இரண்டு விரலைத் தூக்கிவிட்டு அப்படியே போய்விட்டான். வேகத்தைக் கூடக் குறைக்கவில்லை.

"ரெண்டு விரல், ஜோலா," என்று வெர்ல் என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார் என்று கணக்கே இல்லை. "என் கையில விலங்கு. பதிலுக்கு என்னால விரலைத் தூக்கக் கூட முடியல."

அபராதம் கட்டினார், வார இறுதியை லாக்கப்பில் கழித்தார், வெளியே வந்தார். அவரைக் கூட்டிவர ஓலீன் மட்டும் போயிருந்தாள். அந்தக் கதையை உள்ளூர்ப் பேப்பர் கூடப் போடவில்லை.

பதினைந்து வருஷம் கழித்து, கட்ட வேண்டியதைக் கட்டிட்டு வாயை மூடச் சொன்ன அதே ராய்ஸ், கட்டணத்தை நிறுத்தினான். நோட்டீஸ் வந்தது, கிழித்தான். மறுபடி வந்தது, என் கவுண்டரில் எல்லோர் முன்னாலும் அதில் மூக்குச் சிந்தினான். கடைசியில் நில அலுவலகம் ஹெலிகாப்டரோடு கூலிக்கு ஆள் வைத்து அவன் மாடுகளைப் பிடிக்க ஆரம்பித்தது. அதற்குள் எப்படியோ செய்தி பரவி, ஐடாஹோவிலிருந்தும் அரிசோனாவிலிருந்தும் கொடியும் துப்பாக்கியுமாக ஜனம் வந்து இறங்கியது. டிவி வண்டிகள் என் பம்புக்கு வெளியே வரிசை கட்டி நின்றன. ஒரு நாள் முழுக்க இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அலுவலகத்துக்காரர்கள் பிடித்த மாடுகளைத் திறந்து விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கூட்டம் ராய்ஸைத் தோளில் தூக்கியது. அவன் பிக்கப்பின் பின்தட்டில் ஏறி நின்று சொன்னான்:

"இந்தப் பள்ளத்தாக்குல முதல் முதலா ஒருத்தன் முதுகை நிமித்தி நின்னிருக்கான்!"

வெர்ல் அந்தக் கூட்டத்தில் எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். "முதல் முதலாவா?" என்றார். என்னிடம் இல்லை, தரையிடம்.

அதற்கப்புறம் அவர் மனிதனாகவே இல்லை. ராய்ஸ் ரேடியோவில் பேசினான், வெர்ல் ரேடியோவை அணைத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி போட்டார், இன்னும் பேசுகிறானா என்று பார்க்க. ராய்ஸின் முகம் போட்ட தொப்பி விற்பனைக்கு வந்தது. ஓலீன் ஒரு நாள் அதைப் போட்டுக்கொண்டு கொடியில் துணி காயப்போட்டாள்.

"கழட்டு," என்றார் வெர்ல்.

"வெயில் அடிக்குதுப்பா. சும்மா குடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன்."

"என் வீட்டுத் துணியைக் காயப்போடறதுக்கு அவன் மூஞ்சி எதுக்கு?"

"அவன் மூஞ்சி வெளிய இருக்கு, வெர்ல். என் தலை உள்ள இருக்கு. உனக்குக் காதுல புகை வந்தா நான் என்ன பண்ண?"

அந்தத் தொப்பி அப்புறம் நாயின் கூண்டில் கிடந்தது. நாய் கூட அவன் மூஞ்சி மேல் படுக்க மறுத்தது. அதுவும் வெர்லுக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது.

அந்த வசந்தத்தில் வெர்ல் தன் கட்டணத்தை நிறுத்தினார். நிறுத்திவிட்டு, நோட்டீஸுக்காகக் காத்திருந்தார். தினமும் பம்புக்கு வந்து, தபால் வந்ததா என்று என்னிடம் கேட்பார், காதலியின் கடிதத்துக்குக் காத்திருக்கும் பையனைப் போல. ஒன்றும் வரவில்லை. ராய்ஸ் விஷயத்தில் பட்ட சூட்டுக்கு அப்புறம் அலுவலகம் யாரையும் சீண்டுவதை நிறுத்தியிருந்தது. வெர்லுக்குப் பொறுக்கவில்லை. நேரே டவுனுக்குப் போய் நில அலுவலகத்தில் மேஜையைத் தட்டினார். எனக்கும் டவுனில் வேலை இருந்ததால், பெட்ரோல் போட வந்த அவரோடு நானும் போயிருந்தேன். இல்லாவிட்டால் இதை நம்பியிருக்க மாட்டேன்.

மேய்ச்சல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது மெரிடித் என்ற பெண். மொன்டானா பக்கத்திலிருந்து வந்தவள், முப்பது வயதுக்குள்தான். பயந்த சுபாவம் இல்லை, ஆனால் அந்தக் கலாட்டாவுக்கு அப்புறம் கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தது.

"நான் கட்டணம் கட்டல," என்றார் வெர்ல்.

"தெரியும், மிஸ்டர் ஹாஸ்கெட்."

"தெரிஞ்சு என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. மேலிடத்துல இப்போதைக்கு யாருக்கும் எதுவும் அனுப்ப வேணாம்னு சொல்லிட்டாங்க."

"ராய்ஸுக்கு மட்டும் அனுப்புனீங்க?"

"அது முன்னாடி."

"அவன் மாட்டைப் பிடிச்சீங்க. என் மாட்டைப் பிடிக்க என்ன கேடு? என் மாடு மாடு இல்லையா? நான் என்ன, ஆம்பளையா தெரியலையா உங்களுக்கு?"

மெரிடித் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த மான் படத்தைப் பார்த்தேன்.

"சரி," என்றார் வெர்ல். "நாளைக்கே மாட்டை மில் கேன்யன் சரிவுல ஏத்தறேன். தேதி ஆகல. பர்மிட் இல்ல. என்ன பண்றீங்கன்னு பாக்கறேன்."

அவள் முகம் அப்போதுதான் மாறியது. "சார், வேணாம். இந்த வருஷம் மழை ஜாஸ்தி. மேல நீலம் நிறையப் பூத்திருக்கு."

நீலம் என்றால் லார்க்ஸ்பர். சேஜ் புதர்களுக்கு நடுவில் கணுக்கால் உயரத்துக்கு ஊதா நீலத்தில் பூக்கும். பார்க்க அழகாக இருக்கும், மாடு வயிறாரத் தின்றால் விழுந்து சாகும். ஜூலையில் காய்ந்து போனதும் பயமில்லை. இது இங்கே நடக்கத் தெரிந்த குழந்தைக்குக் கூடத் தெரியும். வெர்லுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவர் கணக்கு வேறு. விடியற்காலையில் மாட்டை ஏற்றினால் மத்தியானத்துக்குள் பிடிக்க வந்துவிடுவார்கள். அவர்கள் பிடித்துக் கீழே கொண்டுபோனால் மாடு நீலத்தைத் தொட நேரமே இருக்காது. அரசாங்கம் வந்து தன் மாட்டைப் பறித்துக்கொள்ளும் என்று அரசாங்கத்தை நம்பி மாட்டை ஏற்றிய ஒரே மனிதர் உலகத்தில் வெர்லாகத்தான் இருப்பார்.

மறுநாள் மாடுகளை ஏற்றிவிட்டு, மில் கேன்யன் கேட்டில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். புதுச் சட்டை. பக்கத்தில் கொடி. ஃபிளாஸ்கில் காபி. மடியில் அவர் அப்பாவின் துப்பாக்கி, குண்டு போடாமல். காலையிலேயே டிவி நிலையத்துக்கு என் கவுண்டரிலிருந்துதான் போன் பண்ணினார்.

"பிட்டர் வெல்ஸ்ல இன்னைக்கு ஃபெடரல்காரங்க மாடு பிடிக்கப் போறாங்க," என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். வெர்ல் போனை வைத்துவிட்டார்.

"என்னவாம்?" என்றேன்.

"ராய்ஸ் கேலவே அங்க இருப்பாரான்னு கேக்கறானுங்க."

முதல் நாள் ஒரு கார் வந்தது. வழி தவறி வந்த சுற்றுலாக்காரர்கள், அவரோடு சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டாம் நாள் அதுவும் இல்லை. ஓலீன் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்து, "இன்னும் யாரும் அரஸ்ட் பண்ணலையா? ராத்திரிக்கு வீட்டுக்கு வருவியா, மாட்டியா? அதுக்கேத்த மாதிரி கறி எடுத்து வைக்கணும்," என்று கேட்டாள்.

மூன்றாம் நாள் மெரிடித் வந்தாள். தனியாக, சொந்தக் காரில், சீருடை கூட இல்லாமல். வெர்ல் எழுந்து நின்று தொப்பியைச் சரிசெய்தார். அவள் பின்னால் வேறு வண்டி வருகிறதா என்று பார்த்தார்.

"துப்பாக்கி இல்லாமயா வந்த?" என்றார்.

"மாட்டை இறக்கிடுங்க, சார். நான் மேல போய்ப் பாத்துட்டு வந்தேன். கீழ இருக்கற புல்லைத் தின்னு முடிச்சிட்டு நீலத்துக்குப் பக்கத்துல போயிடுச்சுங்க."

"நோட்டீஸ் குடு, இறக்கறேன்."

"நோட்டீஸ் எழுத எனக்கு அதிகாரம் இல்ல."

"அப்ப எந்த அதிகாரத்துல வந்து சொல்ற?"

"ஜூலை வரைக்கும் இந்தச் சரிவுல மாடு ஏறக் கூடாதுங்கற தேதி எங்க ஆபீஸ் வச்சது இல்ல, சார். உங்க அப்பா வச்சது. அவரு மாடுங்க செத்தப்போ அவரே வந்து கேட்டு வாங்கினது."

வெர்லுக்கு அது தெரியும். அப்பா செத்த மாடுகளின் நடுவில் உட்கார்ந்து அழுததைப் பார்த்த பிள்ளை அவர். அந்த நேரத்தில் நாற்காலியை மடித்துக் குதிரையில் ஏறியிருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் துப்பாக்கி இல்லாத ஒரு பெண் வந்து தயவாகக் கேட்டு, அதற்கு மாட்டை இறக்கினால், ராய்ஸ் என்ன சொல்வான்? ராய்ஸுக்கு ஹெலிகாப்டர் வந்தது. வெர்லுக்கு ஒரு பழைய சுபாரு கார். "நீ போம்மா," என்றார்.

மறுநாள் காலையில் ஓலீன்தான் முதலில் பார்த்தாள். பிறகு எனக்குப் போன் வந்தது. நான் போனபோது சரிவு முழுக்கக் கறுப்பு மூட்டைகள் உருட்டி விட்டது போலக் கிடந்தன. தலை கீழ்நோக்கி, வயிறு உப்பி. வெர்ல் நடுவில் நின்றிருந்தார். மெரிடித்தும் வந்திருந்தாள், ஓலீன் கூப்பிட்டிருக்கிறாள். ஒரு இருபது இருபத்தைந்து மாடுகள் இன்னும் நின்றுகொண்டிருந்தன, கால் நடுங்க. அதில் மேயர் என்று வெர்ல் கூப்பிடும் கிழட்டுத் தலைப்பசுவும் ஒன்று. மந்தை முழுக்க அவள் பின்னால்தான் போகும்.

"யாரும் கிட்டப் போகாதீங்க," என்று மெரிடித் மெதுவாகச் சொன்னாள். "அசையாம இருந்தா பொழைச்சிக்கும். பயந்து ஓடுச்சுன்னா விழுந்துடும்."

நாங்கள் எல்லோரும் தேவாலயத்தில் நிற்பது போல நின்றோம். வெர்ல் மேயரையே பார்த்துக்கொண்டு, "நில்லுடி, நில்லு. அப்படியே நில்லு," என்று முணுமுணுத்தார்.

அப்போதுதான் ஹார்ன் சத்தம் கேட்டது. ராய்ஸுக்கு எப்படித்தான் தெரிந்ததோ, அவனும் அவன் வீட்டில் இன்னும் டேரா போட்டிருந்த கொடிக் கூட்டமும் பிக்கப் பிக்கப்பாக மேலே ஏறி வந்தார்கள். துக்கத்துக்கு வருகிறவர்கள் போல இல்லை, திருவிழாவுக்கு வருகிறவர்கள் போல. வெர்ல் கையை வீசிக்கொண்டு ஓடினார். "ஹார்ன் அடிக்காதீங்க! நிறுத்துங்கடா! நிறுத்துங்க!" அவர்கள் அதை வரவேற்பு என்று நினைத்து இன்னும் பலமாக அடித்தார்கள். மேயர் தலையைத் தூக்கினாள், நாலு அடி ஓடினாள், முன்னங்கால் மடிந்து விழுந்தாள். மற்றவை அவள் பின்னால் ஓடி, ஒவ்வொன்றாக.

வெர்ல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ராய்ஸ் வந்து அவரைத் தூக்கி நிறுத்தி, தோளில் கை போட்டான். அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் இருந்தது. அதைச் சொல்லியாக வேண்டும்.

"யாரு பண்ணதுன்னு எனக்குத் தெரியும்டா," என்றான்.

அதற்குள் நாலைந்து பேர் செல்போனைத் தூக்கிவிட்டார்கள். கூட வந்த டிவி வண்டியும் கேமராவைத் தூக்கியது. ஒருத்தன், ஃபெடரல்காரன் விமானத்தில் மருந்து தெளித்துவிட்டான் என்றான். இன்னொருத்தன் தண்ணீரில் கலந்துவிட்டான் என்றான். மெரிடித்தை யாரோ அடையாளம் கண்டுவிட்டார்கள். அவள் காருக்குள் போய் உட்கார்ந்தாள். ஏழெட்டு ஆண்கள் காரைச் சுற்றி நின்று கண்ணாடியைத் தட்ட ஆரம்பித்தார்கள். அவர்கள் இடுப்பில் இருந்தது பொம்மைத் துப்பாக்கி இல்லை.

ராய்ஸ் வெர்லைத் தன் பிக்கப்பின் பின்தட்டில் ஏற்றினான். கூட்டம் கைதட்டியது. கேமரா வெர்லின் முகத்துக்கு நேரே. வாழ்நாள் முழுக்க அவர் ஆசைப்பட்டது எல்லாம் அங்கே இருந்தது: கொடி, ஜனம், டிவி, எல்லார் கண்ணும் தன் மேல். வாயைத் திறக்கக் கூட வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். பள்ளத்தாக்கு முழுக்க அவர் முகம் போட்ட தொப்பி வந்துவிடும். அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். தலை லேசாக அசையக் கூட ஆரம்பித்தது.

ராய்ஸ் பேசினான். "பாருங்க! இது யாரோட மாடுங்க? என் தம்பி வெர்லோட மாடுங்க! என் மாட்டை அவனுங்களால தொட முடியல. அதனால இவன் மாட்டைத் தொட்டிருக்கானுங்க. இது இவனுக்கு வச்ச குறி இல்ல, எனக்கு வச்ச குறி! பாவம் இந்தப் பய, நடுவுல மாட்டிக்கிட்டான்!"

வெர்லின் காது மடல் சிவந்தது.

"என்ன சொன்ன?" என்றார்.

"உனக்காகத்தான் பேசறேன்டா—"

"உனக்கு வச்ச குறியா?" வெர்ல் அவன் கையைத் தோளிலிருந்து தட்டிவிட்டார். கட்டைவிரல் இல்லாத கை. "இங்க செத்துக் கெடக்கறது கூட உனக்காகவா? ஏன்டா, என்னோடதுன்னு ஒண்ணு கூட இருக்கக் கூடாதா இந்த ஊர்ல?"

"வெர்ல், கேமரா—"

"பிடிக்கட்டும்! நல்லாப் பிடிக்கட்டும்!" அவர் கேமராவைப் பார்த்துத் திரும்பினார். "இந்தக் கேட்டைத் திறந்தது நான். மேல நீலம் பூத்திருக்குன்னு தெரியும். தெரிஞ்சே திறந்தேன். இறக்குங்க, இறக்குங்கன்னு அந்தப் பொண்ணு வந்து கெஞ்சிச்சு. நான்தான் இறக்கல. எவனும் மருந்து தெளிக்கல. எவனும் தண்ணியில கலக்கல. மிச்சம் நின்னதை ஹார்ன் அடிச்சுக் கொன்னது நீங்க. மத்ததை எல்லாம் கொன்னது நான். என் மாடு, என் முட்டாள்தனம். இதுல உனக்குப் பங்கு கிடையாது, ராய்ஸ். ஒரு வால் கூடக் கிடையாது!"

கொடி மட்டும் காற்றில் படபடத்தது. காரைத் தட்டிக்கொண்டிருந்தவர்கள் கையைக் கீழே இறக்கி, என்ன செய்வது என்று தெரியாமல் பையில் விட்டுக்கொண்டார்கள். டிவிக்காரன் பக்கத்தில் இருந்தவனிடம், "இதை வச்சு நான் என்னப்பா பண்றது?" என்று கேட்டது எனக்குக் கேட்டது.

ஒவ்வொரு வண்டியாக இறங்கிப் போனது. கடைசியாக ராய்ஸின் பிக்கப். வெர்ல் கேட்டில் நின்றிருந்தார், கண்ணெல்லாம் வீங்கி, புதுச் சட்டையில் மாட்டின் நுரையோடு. ராய்ஸ் அவரைப் பார்த்தான். வெர்ல் வலது கையைத் தூக்கி, இரண்டு விரலை நீட்டிக் காட்டினார். பதினைந்து வருஷம் அந்த இரண்டு விரலை அவர் பத்திரமாக வைத்திருந்தார்.

மந்தையில் பாதிக்கு மேல் போய்விட்டது. ஓலீன் பள்ளிப் பேருந்து ஓட்டப் போனாள். அந்தக் கோடையில் ஒரு வழியாக அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. அதைக் கவுண்டரில் விரித்து வைத்து, "பாரு ஜோலா, ராய்ஸுக்குக் கூட இவ்வளவு நீளமா வரல," என்றார். அவர் திருந்தினார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

ஆனால் அவர் பேசியது டிவியில் வந்துவிட்டது. பாதிரியார் அவரை வைத்துப் பிரசங்கம் செய்தார். கலிஃபோர்னியாவிலிருந்து யார் யாரோ வந்து கை குலுக்கினார்கள். தன் நஷ்டத்தைப் பெரிதாக நினைக்காமல் உண்மையைச் சொன்ன மனிதர் என்று பேர் வந்தது. வெர்ல் அந்தப் பேரை மறுக்கவில்லை. புதுத் தொப்பி மாதிரி அதை எடுத்துப் போட்டுக்கொண்டார், போகப் போக அது அவர் தலைக்குச் சரியாக உட்கார்ந்தும் விட்டது. மெரிடித் மாற்றலாகி ஊரை விட்டுப் போகும்போது அவர் வீட்டுக்கு வந்து அவரைக் கட்டிப் பிடித்து அழுதாள். அவள் உயிரை அவர் காப்பாற்றியதாக நினைத்தாள். அதுவும் தப்பில்லை. எந்தக் காரணத்துக்காக இருந்தாலும் அவள் கண்ணாடி உடையவில்லையே.

அடுத்த வசந்தத்தில் வெர்ல் வீட்டில் சூடு போடும் நாள். கன்றுகள் கொஞ்சம்தான். ராய்ஸ் வருவானா என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தான். வராமல் இருக்க முடியாது. குதிரையையும் கொண்டுவந்து, கயிற்றைச் சேணத்தில் மாட்டி, தயாராக நின்றான். வெர்ல் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கயிறு வீசச் சொன்னார். என் அரைக்குருட்டு மாமாவைக் கூடக் கூப்பிட்டார். கடைசியில் ராய்ஸிடம் போய், எட்டாத தோளில் எட்டித் தட்டி, ஊசியைக் கையில் கொடுத்தார்.

"பத்திரமா இருடா," என்றார்.

அந்த நாள் மாதிரி அவர் சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. கல்யாணத்தில் கூட இல்லை. ஓலீனும் இதை ஒத்துக்கொள்வாள்.

போன நவம்பரில் தூக்கத்திலேயே போனார். சவ அடக்கத்துக்கு எங்கிருந்தெல்லாமோ ஜனம் வந்தது. வண்டிகள் கல்லறையிலிருந்து என் பம்ப் வரை நின்றன. எல்லாம் முடிந்து ராய்ஸ் என் கவுண்டருக்கு வந்து உட்கார்ந்தான். ரேடியோ அவனைக் கூப்பிடுவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது. காபியைக் கலக்கிக்கொண்டே ஜன்னல் வழியாக அந்த வண்டி வரிசையைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். காது மடல் சிவந்திருந்தது.

"ஜோலா," என்றான், "எனக்கு இத்தனை பேர் வருவாங்களா?"

"தெரியலப்பா," என்றேன். "முதல்ல செத்துப் பாரு."